கையெழுத்து யாருடையது, பிரிண்ட் எந்தக் காலத்தது?

கேள்வி: ஹாலிவுட் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் எடுத்த, நடிகை ஜீன் ஹார்லோவின் புகைப்படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1930-களின் படம் என்கிறார் விற்பவர். வெள்ளை ஓரத்தில் ஹரெலின் கையெழுத்தும் பிரதி எண்ணும் (மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்பது) உள்ளன. நம்பி வாங்கலாமா?

பதில்: கையெழுத்து உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரதி எண் இருக்கிறதே, அதுதான் இடிக்கிறது. ஹரெல் 1930-ல் எம்ஜிஎம் சினிமா ஸ்டூடியோவில் சேர்ந்தபோது இந்தப் படங்கள் பத்திரிகைகளுக்குச் சும்மா கொடுக்கிற விளம்பரச் சரக்கு. யாரும் எண் போட்டு விற்கவில்லை. கலைப்பொருள் என்ற மதிப்பு பின்னால் வந்தது. 1992-ல் இறந்த ஹரெல், தன் முதுமையில் பழைய நெகட்டிவ்களிலிருந்து மறுபடி பிரிண்ட் போட வைத்து, எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்களிடம் வந்திருப்பது அந்த ரகமாக இருக்க வேண்டும். வாங்கத் தகுந்ததுதான், 1930-களின் பிரிண்டுக்கான விலை சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

விற்பவரிடம் பிரிண்ட் போட்ட ஆண்டைக் கேளுங்கள். படம் எடுத்த ஆண்டைச் சொல்லி நழுவப் பார்ப்பார். அப்புறம் படத்தைத் திருப்புங்கள். அந்தக் காலத்துப் பிரிண்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஸ்டூடியோ முத்திரையோ, ஒட்டிய செய்திக்குறிப்போ இருக்கும். கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள். காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. ஃபோட்டோ காகிதத்தில் அது பரவலானது 1950-களில்தான். ஒளிரவில்லை என்பதற்காகப் பழையது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அந்த ரசாயனம் சேராத காகிதம் பிறகும் வந்துகொண்டிருந்தது.

நட்சத்திரமே கையெழுத்திட்டது என்று வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். ஹார்லோ 1937-ல் 26 வயதில் இறந்துவிட்டார். ரசிகர்களுக்குப் போன படங்கள் பலவற்றில் மகள் பெயரை எழுதியவர் அவருடைய அம்மா! மார்க்கர் பேனாவில் எழுதிய ஹார்லோ கையெழுத்தா? பேச்சே வேண்டாம், அந்தப் பேனா கடைக்கு வந்ததே அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து.

வாங்குவதானால் பிரிண்ட் ஆண்டு, பிரதி எண், மொத்தப் பிரதிகள், போலி என்று தெரிந்தால் பணம் வாபஸ், இவ்வளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒட்டினால் பிரிக்க முடியாது. கடைக்காரர் லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.