டிராயிங் மாஸ்டர் பதில்கள்

கேள்வி: கிழக்குத் தேசங்களை மேற்கத்தியர் சித்தரித்த விதத்தைக் கேள்வி கேட்ட எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ புத்தக அட்டையில் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் பாம்பாட்டிப் படத்தைப் பார்த்தேன். அசல் போட்டோ மாதிரி இருக்கிறது. கிரேக்கக் கதை வரைந்துகொண்டிருந்தவர் ஏன் கிழக்குத் தேசக் காட்சிகள் பக்கம் போனார்? அது கண்ணால் கண்ட காட்சிதானா மாஸ்டர்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஜெரோமுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1847-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த சேவல் சண்டைப் படம். ஆடையில்லாத கிரேக்கப் பையன், பக்கத்தில் ஒரு பெண், இரண்டு சேவல். 1856-இல் எகிப்துக்குப் போனார். கூடவே கேமராவோடு போனவர் பர்தோல்டி, பின்னாளில் சுதந்திரதேவி சிலை செய்த அதே ஆள். மறு வருஷக் கண்காட்சியில் வைத்த எகிப்துப் படங்கள் பிடித்துக்கொண்டன. அப்புறம் விடுவாரா? 1863-இல் கல்யாணம், மாமனார் கூப்பில், ஓவியங்களை அச்சுப் போட்டு விற்கும் பெரிய வியாபாரி. கலை ஆர்வம் உண்மைதான், மாமனாரின் கடையும் உண்மைதான்.

இனி பாம்பாட்டி. வரைந்தது 1879 வாக்கில். சுவரின் நீல ஓடுகள் துருக்கியில், இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் உள்ளவை. ஒவ்வொரு ஓட்டிலும் பூவேலை பிசகாமல் இருக்கிறது, உடைந்த இடம்கூட. ஆனால் பாம்பாட்டி வித்தை எகிப்துச் சங்கதி. பாம்பைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் அம்மணமாக நிற்கிறான், சுல்தான் அரண்மனையில்! பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் மதுரை நாயக்கர் மகால் தூண்களை நிறுத்தி, நடுவில் பாம்பாட்டியை உட்கார வைத்தது போல. பாரிஸ்காரன் நம்புவான், தக்கலைக்காரர் நீங்கள் நம்புவீர்களா? இன்னொன்று, ஊதுகிற கிழவர் கையைப் பாருங்கள். நம்மூர்ப் பாம்பாட்டியின் குடம் வைத்த மகுடி இல்லை, நேரான குழல்.

துண்டு துண்டாக எல்லாம் நிஜம். ஒட்டுப்போட்ட இடம் பாரிஸ். கை மட்டும் அசாத்தியக் கை, அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

கேள்வி: நம்ம பக்கத்தை அந்தக் காலத்து வெள்ளைக்காரர் யாராவது வரைந்தார்களா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்தார்கள். அவர்கள் அச்சிட்ட படங்களில் ஒன்றுக்குக் கன்னியாகுமரி முனை என்று பேர். பார்த்து வரைந்தது தள்ளி இருக்கும் களக்காடு பக்கத்திலிருந்து. மோசமில்லை, எங்கே இருந்து பார்த்தோம் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்.