டயரின் உள்விளிம்பைத் தின்பது எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் இருக்கிறது. வளைவுகளில் இன்னும் உறுதியாக நிற்கட்டும் என்று சென்ற ஆண்டு 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினேன். 9,000 கிலோமீட்டருக்குள் முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது. வெளிப்பக்கத்தில் ட்ரெட் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில், "கேம்பர் அதிகமாகிவிட்டது, இந்தக் காரில் அதை மாற்ற முடியாது" என்கிறார்கள். டயரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழியா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. நீங்கள் சொல்லும் வேகத்தில் டயர் தேய்வதற்குக் கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் கோணம்) மட்டும் காரணமாக இருக்க முடியாது. டோவைத்தான், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய டயர் இன்னும் கையில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ட்ரெட்டின் குறுக்கே உள்ளங்கையை முதலில் உள்ளிருந்து வெளியேயும், பிறகு வெளியிலிருந்து உள்ளேயும் மெல்லத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பத்தின் பல்லைப் போலவும் கையில் பட்டால், அந்த டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டு ஓடியிருக்கிறது; அது டோவின் வேலை. கேம்பரால் மட்டும் தேய்ந்த டயர் சரிவாக, ஆனால் இரு திசையிலும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும்.

டோ எவ்வளவு டயரைத் தின்னும் என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். ஒரு சக்கரம் தான் ஓட வேண்டிய நேர்கோட்டிலிருந்து 0.2 டிகிரி மட்டும் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது, கார் அதை விடாமல் நேரே இழுத்துச் செல்கிறது. 9,000 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கு 31 கிலோமீட்டரைத் தாண்டும். காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் வெவ்வேறு வளைவில் நகர்வதால் டோ தானாகவே மாறிவிடும். நெகட்டிவ் கேம்பரால் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது) சுமை ஏற்கெனவே உள்விளிம்பின் மேல் நிற்கும் நிலையில் டோ-அவுட்டும் (சக்கரங்களின் முன்முனைகள் வெளியே விரிந்திருப்பது) சேர்ந்தால், தேய்மானம் முழுவதும் அந்த இரண்டு அங்குலத்திலேயே விழும்.

"மாற்ற முடியாது" என்று அவர்கள் சொன்னது பாதி உண்மை. உங்கள் காரின் முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அடிப்பகுதி சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் செருகப்பட்டு ஒரே கவ்வியில் இறுக்கப்படுகிறது. ஆகவே, இரண்டு போல்ட்டுகளில் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் கார்களில் செய்வதைப் போல எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினால் கோணத்தை மாற்றும், மையம் விலகிய போல்ட்) போட்டுக் கேம்பரைத் திருத்த இங்கே இடமில்லை. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமைத் தளர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தலாம். ஆனால் அதில் ஒரு பக்கம் கூடும் அளவு மறுபக்கம் குறையும் என்பதால், இரண்டு பக்கத்தையும் சமப்படுத்த மட்டுமே அது உதவும். மொத்தக் கேம்பரையே கூட்டவோ குறைக்கவோ விரும்பினால், ஸ்ட்ரட்டின் தலையில் பொருத்தும் கேம்பர் பிளேட் வேண்டும். சாலையில் ஓட்டும் உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. முன் டோ டை ராடிலேயே திருத்தக்கூடியது. பின்பக்கத்து மல்டி-லிங்க் சஸ்பென்ஷனில் கேம்பருக்கும் டோவுக்கும் தனித்தனி எக்சென்ட்ரிக் போல்ட்டுகளைத் தொழிற்சாலையிலேயே கொடுத்திருக்கிறார்கள். தாழ்த்திய பிறகு பின் சக்கரங்களின் நெகட்டிவ் கேம்பர் கூடியிருக்கும் என்பதால், அவற்றையும் இதே தடவையில் திருத்திவிடுங்கள்.

வேலையின் வரிசையில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் பின் கேம்பர், அடுத்து பின் டோ, அதன் பிறகே முன்பக்கம். ஏனெனில் கார் எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்பதைப் பின் சக்கரங்களே தீர்மானிக்கின்றன, முன் சக்கரங்களை அந்தக் கோட்டுக்குத்தான் பொருத்த வேண்டும். எந்தச் சக்கரத்திலும் கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் டோ எப்போதும் கடைசி. ஸ்பிரிங் மாற்றியபோது சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை எப்படி இறுக்கினார்கள் என்பதையும் கேளுங்கள். லிப்டில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கியிருந்தால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். கார் சரியான உயரத்துக்கு அமராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அவற்றைத் தளர்த்தி, காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில் மீண்டும் இறுக்கிய பிறகு அலைன்மென்ட் எடுப்பதுதான் முறை.

அச்சிட்டுத் தரும் தாளைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. சில இயந்திரங்கள் டிகிரியும் நிமிடமுமாகவும், சில தசமத்திலும் காட்டும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், –1°20' என்பது –1.20 டிகிரி அல்ல, –1.33 டிகிரி. இதைக் குழப்பிக்கொண்டு வலதையும் இடதையும் ஒப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும், திரையில் எல்லாம் பச்சையாகிவிட்டது என்பதை முடிவாகக் கொள்ளாதீர்கள். தொழிற்சாலை வரம்பு அகலமானது. அதன் ஒரு ஓரத்தில் இடதும் மறு ஓரத்தில் வலதும் நின்றாலும் பச்சைதான் எரியும். உங்கள் காருக்கு நான் சொல்வது இதுதான்: முன் கேம்பர் இரு பக்கமும் 20 நிமிடத்துக்கு மேல் வேறுபடக் கூடாது, முன் சக்கரங்களின் மொத்த டோ பூஜ்யத்துக்கும் 10 நிமிட டோ-இன்னுக்கும் (முன்முனைகள் உள்நோக்கித் திரும்பியிருப்பது) இடையில் இருக்கட்டும், பின்பக்கம் தொழிற்சாலை சொல்லும் டோ-இன்னைக் குறைக்கவே வேண்டாம். மழையில் வேகமாகப் போகையில் பிரேக் பிடிக்கும்போது காரின் வால் ஒழுங்காகப் பின்தொடர்வது அதனால்தான்.

என் சொந்தக் காரில் நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டோவைத் துல்லியமாக வைத்து, தாளையும் அச்சிட்டுவிட்டு, அதன் பிறகு டை ராடின் லாக் நட்டை இறுக்கினார் அந்தத் தொழிலாளி. ஸ்பேனரை இழுத்தபோது ராடும் கூடவே சற்றுத் திரும்பியது. திரையில் எண் நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் பார்க்கவில்லை. கேட்டதும் முகம் சுளிக்காமல் மறுபடி செய்து கொடுத்தார். ஆகவே எல்லா நட்டுகளும் இறுகிய பிறகு எடுத்த தாளையே வாங்குங்கள். கடைசியாக, ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் மூலம் நேர்நிலைக்கு அமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கார் சறுக்காமல் காக்கும் இஎஸ்சி அமைப்பின் விளக்கு எரிவதும், தேவையில்லாத நேரத்தில் அது குறுக்கிடுவதும் நேரலாம்.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் ட்ராக் டேக்களுக்கு என் ஸ்விஃப்ட்டைக் கொண்டுபோகிறேன். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது, இடது முன் டயரின் வெளிவிளிம்பு கரைந்துவிடுகிறது. எவ்வளவு நெகட்டிவ் கேம்பர் வைக்கலாம்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் சிக்கல் முந்தைய வாசகருக்கு நேர் எதிர். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் உடலோடு சேர்ந்து வெளியே சாய்வதால், டயர் வெளிவிளிம்பில் ஏறி நிற்கிறது. ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தில் உள்ள மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வடிவமைப்பால் அந்தச் சாய்வை முழுவதும் ஈடுகட்ட முடியாது. அந்த ஓடுபாதையில் வண்டிகள் கடிகாரச் சுற்றாக ஓடுகின்றன, வலது திருப்பங்களே ஆதிக்கம் செலுத்துகின்றன; அதனால் இடது முன் டயர் அதிகம் உழைக்கிறது.

ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டுகளில் நிற்பதால் எக்சென்ட்ரிக் போல்ட் போட்டு ஒரு டிகிரிக்கு மேல் பெறலாம். சாலை டயரிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் –2 டிகிரியில் தொடங்குங்கள். அதற்கு மேல் போவதா என்பதை டயரின் சூடு சொல்லட்டும். சுற்று முடித்து பிட்டுக்குள் வந்த உடனேயே, ஊசி முனை கொண்ட பைரோமீட்டரை (வெப்பமானி) ட்ரெட்டின் ரப்பருக்குள் செருகி, உள், நடு, வெளி என மூன்று இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பை விட உள்விளிம்பு 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக இருந்தால் கேம்பர் பொருந்தியிருக்கிறது; வெளிவிளிம்பே சூடு என்றால் இன்னும் கூட்டலாம்; நடுப்பகுதி இரண்டையும் விடச் சூடு என்றால் குறை கேம்பரில் இல்லை, காற்றழுத்தம் அதிகம். அளவுக்கு மீறிக் கூட்டினால் நேராகப் பிரேக் பிடிக்கும்போது டயரின் உள்பாதி மட்டுமே தரையைக் கவ்வும். வளைவில் சம்பாதித்ததைப் பிரேக்கில் இழப்பீர்கள்.

எக்சென்ட்ரிக் போல்ட் தொழிற்சாலை போல்ட்டை விட மெல்லியது என்பதை மறக்கவே கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து நக்கிள் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நகர்ந்திருந்தால் அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: அலைன்மென்ட் செய்த பிறகு கார் நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றித் திருப்பிப் போடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டாமல் டோ வைத்திருப்பார்கள், அல்லது பின் சக்கரங்களின் டோவைப் பார்க்காமலே முன்பக்கத்தை முடித்திருப்பார்கள். இரண்டு டை ராடுகளையும் எதிரெதிராக ஒரே அளவு திருப்பினால் மொத்த டோ மாறாமல் ஸ்டீயரிங் நேராகும். செய்த இடத்திலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் செய்து தர வேண்டிய வேலை அது. சரிபார்க்கும்போது சமமான சாலையைத் தேர்ந்தெடுங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்திருப்பதால், குறையே இல்லாத காரும் அங்கே மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும்.