சுதந்திர தினக் கொடி, தோரணம், கட்டிங் மெஷின்: கேள்வி பதில்

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால், திருகோணமலையில் கட்டிங் மெஷின் (திரையில் வரைந்த வடிவத்தைக் கடதாசியில் பிளேடால் வெட்டும் கருவி) வைத்திருப்பவருக்குப் போன் ஓயாது. வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில்.

உவர்மலை அக்கா: பிரிஸ்டல் போர்டில் சிங்கம் வெட்டினேன். வாளும் வாலும் கிழிந்துபோகின்றன. பிளேட் மொட்டையா?

பிளேட் பிறகு, அக்கா. முதலில் கடதாசியைத் தொட்டுப் பாருங்கள். மாரி இப்போதுதான் விலகுகிறது, போதாததற்குக் கடல் காற்று. ஈரம் குடித்த அட்டை பிளேடுக்கு முன்னால் நார்நாராகப் பிரியும். பொலித்தீன் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். வெட்டும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

அடுத்தது உரிக்கிற விதம். வெட்டி முடிந்ததும் கடதாசியைப் பிடித்து இழுத்தால் வால் போகத்தான் செய்யும். கடதாசியை ஒட்டி வைக்கிற பசைப் பலகை, அதாவது ‘மாட்’, அதைக் குப்புறப் போட்டு, பலகையை வளைத்து உரியுங்கள், கடதாசி மேசையோடு கிடக்கட்டும். புது மாட் என்றால் பழைய பருத்திச் சட்டையால் நாலைந்து தரம் ஒற்றிப் பசையைக் குறையுங்கள். மெஷின் க்ரிகட் கம்பனியுடையது என்றால் சாதாரண 80 கிராம் கடதாசிக்கு நீல மாட், 200 கிராம் அட்டைக்குப் பச்சை. ஊதா வேண்டாம், மெல்லிய அட்டையை அது விடாது.

இதற்குப் பிறகும் கிழிந்தால் அலுமினியத் தாளை உருட்டி அதில் பிளேடைப் பல தரம் குத்தி எடுங்கள். ஒட்டியிருக்கும் நார் போய்விடும்.

நிலாவெளித் தம்பி: எனக்கும் கிழிகிறது அண்ணா.

மேலே பாருங்கள். பை, சிலிக்கா ஜெல்.

கிண்ணியா ரீச்சர்: வகுப்பில் 40 பிள்ளைகள். பச்சை, செம்மஞ்சள் கோடுகளை ஒட்ட நேரம் போகிறது. சிங்கத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதாதா?

போதாது ரீச்சர். கோடுகளுக்கு மெஷினே தேவையில்லை, நேர்கோடுதானே, அடிமட்டமும் கத்தியும் போதும். கொடியின் அளவு ஒன்றுக்கு இரண்டு. ஏ4 தாளில் 28க்கு 14 சென்டிமீட்டர் தாராளமாக வரும். அடியில் முழு மஞ்சள் அட்டை. அதன் மேல் கம்புப் பக்கம் முதலில் பச்சை, அடுத்து செம்மஞ்சள், பிறகு கருஞ்சிவப்பு. ஓரமும் இடைவெளியும் மஞ்சளாகத் தெரிய வேண்டும். சிங்கத்தையும் நான்கு அரசிலைகளையும் மஞ்சளில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். கருஞ்சிவப்பில் ஓட்டையாக வெட்டினால் அடி மஞ்சளே சிங்கமாகத் தெரியும், பாதிப் பசை மிச்சம். பிடரியின் நுண்கோடுகளைத் திரையிலேயே அழித்துவிடுங்கள், நிழலுரு போதும்.

தம்பலகாமம் ஐயா: 1948இல் ஏற்றிய கொடியில் கோடு இல்லையே. அதுவும் கொடிதானே?

இல்லைதான் ஐயா. கோடுகள் 1951இல் சேர்ந்தன. மூலைகளில் அரசிலை வந்தது 1972இல். பழைய கொடி வேண்டுமென்றால் இலையையும் எடுக்க வேண்டும். இலையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, கோடுகளைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

சாம்பல்தீவு அண்ணன்: கோடுகள் சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியேதானே நிற்கின்றன? ஒட்டினால் என்ன, விட்டால் என்ன?

தேசியக் கொடியை முடிவுசெய்த குழுவில் இருந்த செனட்டர் நடேசனே இதில் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கை என் மேசையில் தீர்க்க முடியாது அண்ணன். ஆனால் பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு என்று பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். பிறகு நேரமில்லை என்று முதலில் கழிக்கிற துண்டும் அதுவே என்றால் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? அதுவும் முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியாவில்!

கிண்ணியா ரீச்சர்: கோபிக்க வேண்டாம், ஒட்டுகிறேன்.

கோபமில்லை ரீச்சர். கோடுகளை முந்தின நாளே வெட்டிக் கட்டி வையுங்கள். பொலித்தீன் பையில்.

மூதூர்த் தங்கச்சி: என் சிங்கம் கோடுகளுக்கு முதுகு காட்டி நிற்கிறது.

படத்தை இடம் வலமாகப் புரட்டுகிற ‘மிரர்’ ஆன் ஆகியிருக்கிறது. துணியில் அயன் பண்ணி ஒட்டுவதற்குத்தான் அது, கடதாசிக்கு வேண்டாம். சிங்கம் கோடுகளைப் பார்க்க வேண்டும், வாள் வலது முன்காலில்.

பெயர் சொல்லாதவர்: கூகுளில் எடுத்த படம் ஓரம் பிசிறுகிறது.

சின்னப் படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாத எஸ்விஜி (SVG) கோப்பு தேடுங்கள்.

உப்புவெளி அக்கா: டொரொண்டோவில் தங்கச்சி ஜூலை 1 கனடா தினத்துக்கு மேப்பிள் இலை வெட்டப் போகிறாள்.

கொடியிலுள்ள இலைக்கு 11 முனை. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தம்பி: டிஷ்யூ பேப்பர் தோரணத்துக்கு எந்த மாட்?

மாட்டும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். எட்டாக மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கோயில் திருவிழாவுக்கு அப்படித்தானே செய்கிறோம்?

மூவர் கேட்டது: எந்த மெஷின் வாங்கலாம்?

வருடத்தில் ஒரு நாளுக்கு என்றால் எதுவும் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் இங்கே 230இல் செருகிய உடனே புகைந்துவிடும்.

கிண்ணியா ரீச்சர்: வெட்டி விழுகிற 40 கருஞ்சிவப்புச் சிங்கங்களை என்ன செய்ய?

மஞ்சள் அட்டையில் ஒட்டுங்கள், வாழ்த்து மடல் ஆகிவிடும். ஒட்டும்வரை எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள்.