புயலும் வாஷ்பேசினும் ஒரே பக்கம் சுற்றுமா?

கேள்வி: வங்கக் கடல் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. வாஷ்பேசின் தண்ணீரும் மின்விசிறியும்கூட அப்படித்தான், நிலநடுக்கோட்டைத் தாண்டினால் எல்லாமே மாறிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இந்த விதியை ஏன் பள்ளியில் சொல்லித் தருவதில்லை?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அப்படியொரு விதி இல்லை என்பதால்தான். புயலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மற்றதை நம்பாதீர்கள், தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள்.

பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நெடுந்தூரம் ஓடும் காற்று தன் வலப்பக்கம் விலகும். இதற்கான கணக்கை 1835-இல் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான கொரியோலி. தாழ்வு மையத்தை நோக்கி நாலாபுறமிருந்தும் பாயும் காற்று, வலப்பக்கம் விலகுவதால் மையத்தைத் தவறவிட்டு, அதை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றத் தொடங்குகிறது. அதுதான் நம் புயலின் இடஞ்சுழி. ஆஸ்திரேலியாவில் வலஞ்சுழி. நிலநடுக்கோட்டில் இந்த விலக்கமே கிடையாது. அதையொட்டி 5 பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம்.

புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுள். வாஷ்பேசின் ஒரு முழம், அரை நிமிடம். நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும் தண்ணீரின் மேல் நம் ஊரில் இந்த விசை, புவியீர்ப்பில் சுமார் 30 லட்சத்தில் ஒரு பங்குதான். குழாய் எந்தப் பக்கம் கொட்டியது, தொட்டி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே திசையை முடிவு செய்யும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1962-இல் அஷர் ஷபீரோ ஆறடி அகலத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க அசையவிடாமல் வைத்து, அப்புறம் அடைப்பைத் திறந்தார். திறந்து பத்து நிமிடத்துக்கும் மேலாகச் சுழற்சி எதுவும் தெரியவில்லை. அதன்பிறகே மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பியது. பூமியின் கை தெரிய அவ்வளவு பொறுமை வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து நாலடி தள்ளி நின்று வாளியில் நீர் ஊற்றிக் காட்டுபவர், ஊற்றும்போதே சுழற்சியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அது ஏமாற்று வேலை.

மின்விசிறிக்குப் பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லை. காயில் கட்டி வந்த ஃபேன், கண்டென்சர் இணைப்பு மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். உங்கள் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

நாகையில் இருக்கும் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு. ஆகவே கடல் பெரும்பாலும் ஊருக்குள் ஏறுவது, புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடபுறத்தில். வேதாரண்யத்தில் கடக்கும் என்று செய்தி வந்தால், 'நமக்குத் தெற்கேதானே' என்று நாகைக்காரர் நிம்மதியாக இருக்க முடியாது. இதைத்தான் ஒவ்வொரு கடலோரப் பள்ளியிலும் படம் போட்டுச் சொல்லித் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் (நடுவிலுள்ள அமைதியான பகுதி) சென்னையைக் கடந்தபோது காற்று சட்டென்று ஓய்ந்தது. பிறகு வடக்கிலிருந்து வீசிய காற்று தெற்கிலிருந்து வீசியது. அந்த இடைவெளியில் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே இறங்கக் கூடாது. எதிர்ப்பக்கக் காற்றும் அடித்து முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள்.