அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் சிறுநீரகத்தில் கல் வருமா?

உங்கள் அம்மாவுக்கு ஒரே வருடத்தில் மூன்றாவது முறை நீர்க்கடுப்பு, இப்போது ஸ்கேனில் கல் வேறு தெரிகிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் தினமும் சிறுநீர் மாதிரி பார்ப்பவள் நான். ஈசூனில் இருக்கும் என் சித்திக்கும் இதேதான் நடந்தது.

நீர்க்கடுப்பைத் தரும் பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு 20 செ.மீ. வரும். அதனால் பெண்களுக்குக் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடுகிறது. மெல்லிய இழைகளால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பிடித்துக்கொள்வதால் சிறுநீர் அதை அடித்துக்கொண்டு போவதில்லை. ஆனால் ஈ.கோலை பொதுவாகக் கல்லை உண்டாக்குவதில்லை.

கல் உண்டாக்குவது புரோட்டியஸ் மாதிரியான கிருமிகள். கிருமி வளர்க்க நாங்கள் பயன்படுத்தும், இரத்தம் கலந்த கூழ் நிரப்பிய இரத்த அகார் தட்டில் வைத்தால் மறுநாள் காலை குளத்தில் கல்லெறிந்தது போல வளையம் வளையமாகப் படர்ந்திருக்கும், மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடிக்கும். இதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை அது உடைத்து அம்மோனியாவாக்கும். பொதுவாக 6-ஐ ஒட்டி இருக்கும் சிறுநீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு, கூடினால் காரம்) 7.2-ஐத் தாண்டிவிடும். அதுவரை கரைந்திருந்த மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து படிகமாக இறங்கும். இதுதான் ஸ்ட்ருவைட் கல். சில வாரங்களிலேயே பெரிதாகி, சிறுநீரகத்தின் உள்ளறைகளில் மான்கொம்பு போலக் கிளைவிடும். நகராமல் உட்கார்ந்திருப்பதால் துடிக்க வைக்கும் வலி பலருக்கு வருவதே இல்லை.

சித்தி ஒவ்வொரு முறையும் மாத்திரை சாப்பிட்டார், பார்லித் தண்ணீர் குடித்தார், நான்கு நாளில் சரியானது. மூன்றாவது முறைதான் பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) கல்ச்சர், அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தார்கள். அந்தத் தாளில் பிஎச் 8.5, கீழே புரோட்டியஸ். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் நிறையக் கல். ஆன்டிபயாட்டிக் சிறுநீரில் இருக்கும் கிருமியைக் கொல்லும். கல்லின் அடுக்குகளுக்குள் இருப்பது தப்பிவிடும், மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும். முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுக் கல்லை முழுவதும் எடுத்த பிறகு இரண்டு வருடமாகச் சித்திக்குத் தொல்லை இல்லை.

எல்லாக் கல்லும் இப்படி வருவதில்லை. அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல்லுக்குக் காரணமே வேறு. அதனால் மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சருக்குக் கொடுங்கள், கிருமியின் பெயரையும் பிஎச்சையும் கேட்டு எழுதி வையுங்கள். குளிர் காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், கல்லை எடுத்தால் அதையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.