பொந்தியு பிலாத்துவின் காலத்தில்: இயேசுவின் மரணத்தை வரலாறாகச் சொல்லலாமா? – கேள்வி பதில்

இயேசுவின் சிலுவை மரணத்தைச் சமயம் சாராத வரலாறாக எழுதுவதையும் கற்பிப்பதையும் கிறிஸ்தவர்கள் எவ்வாறு பார்க்க வேண்டும் என்பது குறித்து, இந்த லெந்து காலத்தில் வேலூரிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள சபையார் பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். திருச்சபை வரலாற்றைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவற்றுக்கு நான் எழுதிய பதில்கள் இவை.

காட்பாடியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்: ஐயா, எங்கள் வரலாற்று வகுப்பில், “இயேசு கலகக்காரராகக் கருதப்பட்டு ரோம ஆளுநரால் சிலுவையில் கொல்லப்பட்டார்” என்று மட்டும் சொல்லிப் பேராசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். இரட்சிப்பைப் பற்றியோ உயிர்த்தெழுதலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இது நம் விசுவாசத்தை இழிவுபடுத்துவது ஆகாதா?

ஆகாது, மகளே. ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் அவருடைய தாயையும் தவிர வேறு ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் வருகிறது. அவர் அப்போஸ்தலரும் அல்லர், தீர்க்கதரிசியும் அல்லர்; கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரியாகிய பொந்தியு பிலாத்து. இந்த மரணம் எங்கோ எப்போதோ நடந்த புராணச் செய்தி அன்று, ஆண்டும் ஆட்சியும் சொல்லக்கூடிய ஒரு நிகழ்ச்சி என்று திருச்சபையே அறிக்கையிடுகிறது. எனவே வரலாற்றுத் துறை அதை விசாரிக்கும்போது நாம் பதறுவதற்குக் காரணம் இல்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதிய தலைப்பாகை பற்றியும், தாடி, கடுக்கன், நெற்றிக்குறி பற்றியும் பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் காரணமாயின என்பதையும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி விரைந்து வந்து அதை அடக்கினார் என்பதையும் யாரும் மறுப்பதில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் அதைக் கலகம் என்றன; நாமோ விடுதலைப் போரின் முன்னோடி என்கிறோம். நடந்தது ஒன்று, அதற்கு நாம் காணும் பொருள் இன்னொன்று. “கிறிஸ்து மரித்தார்” என்பது நடந்தது. “நம்முடைய பாவங்களுக்காக மரித்தார்” என்பது நாம் அறிக்கையிடும் பொருள். முதலாவதைச் சொல்வது உங்கள் பேராசிரியரின் வேலை. இரண்டாவதைச் சொல்லவில்லை என்று அவரைக் குறை கூற முடியாது. “இதற்கு மேல் இதில் ஒன்றுமே இல்லை” என்று அவர் சொல்லியிருந்தால், அப்போதுதான் அவர் வரலாற்றின் எல்லையைத் தாண்டியிருப்பார்.

குடியாத்தத்திலிருந்து ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்: வேதாகமத்துக்கு வெளியே இந்த மரணத்துக்குச் சான்று உண்டா?

உண்டு. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏறத்தாழ கி.பி. 116இல், ரோம் நகரம் 64இல் தீப்பற்றியதையும் நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தியதையும் எழுதும் இடத்தில், அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்கிறார். அவர் நமக்கு நண்பர் அல்லர். நம் மார்க்கத்தைக் கேடான மூடநம்பிக்கை என்றே அழைக்கிறார். நம்மைப் புகழும் நோக்கம் சிறிதும் இல்லாதவர் சொல்வதால்தான் அவருடைய சாட்சிக்கு எடை அதிகம். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சுமார் 93இல் எழுதிய நூலிலும் இயேசுவைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. அதில் பிற்காலக் கிறிஸ்தவர் ஒருவரின் கை பட்டிருக்கிறது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. ஆனாலும் அடிப்படையான செய்தி அவருடையதே என்று பலரும் ஏற்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் அதைக் காட்டும்போது இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள். மறைத்து வைத்த செய்தியைப் பிள்ளைகள் பின்னால் வேறு எங்காவது தெரிந்துகொண்டால், நாம் சொன்ன மற்ற அனைத்தையும் சந்தேகிப்பார்கள்.

1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் பிலாத்துவின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. 1968இல் எருசலேமின் வடபகுதியில் கண்டெடுக்கப்பட்ட ஓர் எலும்புப் பெட்டி இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தைத்தது. யெகோகனான் என்ற பெயர் பொறித்த அந்தப் பெட்டிக்குள் இருந்த குதிகால் எலும்பில் ஓர் இரும்பு ஆணி குத்தியபடியே இருக்கிறது. ஆணியின் முனை வளைந்துபோனதால் அதைப் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது. சிலுவையில் கொல்லப்பட்டவரை வீட்டார் வாங்கி முறைப்படி அடக்கம் செய்வது நடக்கக்கூடியதே என்பதற்கு அது சான்று. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு இயேசுவின் சரீரத்தைப் பிலாத்துவிடம் கேட்டு வாங்கிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த எலும்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆரணியிலிருந்து ஒரு சகோதரர்: நான்கு சுவிசேஷங்களும் மரண நாளில் வேறுபடுகின்றனவே?

முதல் மூன்று சுவிசேஷங்களில் கடைசி இராப்போஜனம் பஸ்கா என்னும் யூதப் பண்டிகையின் விருந்தாகவே நடக்கிறது; மறுநாள் அவர் மரிக்கிறார். யோவானிலோ அவர் மரிக்கும் நாளில் பஸ்கா இன்னும் புசிக்கப்படவில்லை. வேறுபாடு உண்மையானது. வெள்ளிக்கிழமை, பிலாத்துவின் கட்டளை, சிலுவை என்பவற்றில் நான்கும் ஒன்றுபடுகின்றன. ஆய்வாளர்கள் பெரும்பாலும் கி.பி. 30 ஏப்ரல் 7 அல்லது 33 ஏப்ரல் 3 என்று கணிக்கிறார்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து செவிலியர் ஒருவர்: பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசுவின் மரணத்தை மருத்துவ முறையில் விளக்கிப் பிரசங்கிக்கிறார்கள். இது சரியா?

மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. 1986இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது பற்றி ஒரு கட்டுரை வந்த பிறகு, இவ்வகைப் பிரசங்கங்கள் பெருகின. அவர் உண்மையான சரீரத்தில் உண்மையாகவே மரித்தார் என்பதை வலியுறுத்தும் அளவுக்கு அதில் நன்மை உண்டு. அவர் பாடுபட்டது வெறும் தோற்றமே என்று சிலர் போதித்தபோது, அந்தியோகியா பேராயர் இக்னேஷியஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை வன்மையாக மறுத்து எழுதினார். ஆனால் சுவிசேஷகர்கள் நோயாளியின் குறிப்பேடு எழுதவில்லை. மூச்சுத் திணறலா, இரத்த இழப்பா, இதயச் செயலிழப்பா என்று மருத்துவர்களிடையிலேயே கருத்து வேறுபாடு இருக்கும்போது, அவற்றில் ஒன்றை வேதவசனம்போல் பிரசங்கிப்பது தவறு. சுவிசேஷங்களின் அடக்கத்தையும் கவனியுங்கள், சகோதரி. “அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆணி இறங்கியதை ஒருவரும் வருணிக்கவில்லை. ஆணிகளின் காயம் பேசப்படுவதே உயிர்த்தெழுதலுக்குப் பின், தோமாவின் வாயில்தான். கேட்போரை அழவைப்பதற்காக நாம் அந்த அடக்கத்தைக் கடக்க வேண்டியதில்லை.

வாணியம்பாடியிலிருந்து ஒரு சகோதரர்: என் இஸ்லாமிய நண்பர், இயேசு சிலுவையில் அறையப்படவே இல்லை என்கிறார். வரலாற்றைக் காட்டி அவரை மறுக்கலாமா?

திருக்குர்ஆனின் 4:157 வசனத்தின் அடிப்படையில் அவர் பேசுகிறார். இறைவன் தம் தூதரை அவமானத்துக்கு விட்டுவிட மாட்டார் என்ற பக்தியும் அதில் இருக்கிறது. சிலுவை மரணம் நடந்தது என்பதை எச்சமயத்தையும் சாராத ஆய்வாளர்கள் உட்பட ஏறத்தாழ எல்லாரும் ஏற்கிறார்கள் என்று அவரிடம் சொல்லலாம். ஆனால் டாசிட்டஸை அவருக்கு எதிரான ஆயுதமாக ஏந்தாதீர்கள். பல தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்கிறவர்கள் நாம். தேவன் ஏன் அந்த அவமானத்தை ஏற்றார் என்று நாம் நம்புவதை அவரிடம் பகிர்ந்துகொள்வதே மேல்.

ஆற்காட்டிலிருந்து ஒரு மூப்பர்: அப்படியானால் உயிர்த்தெழுதலையும் வரலாறு என்று சொல்லலாமா? எல்லாக் கிறிஸ்தவர்களும் இதில் ஒரே கருத்து உடையவர்களா?

இல்லை. 1892இல் மார்ட்டின் கேலர் என்ற ஜெர்மானிய இறையியலாளர், ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கும் இயேசுவின்மேல் அல்ல, திருச்சபை பிரசங்கிக்கும் கிறிஸ்துவின்மேலேயே விசுவாசம் நிற்கிறது என்றார். அவர் வழியில் வந்த ருடால்ஃப் புல்ட்மான், இயேசு வாழ்ந்தார், மரித்தார் என்பதற்கு மேல் வரலாற்றில் விசுவாசத்துக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை என்ற அளவுக்குப் போனார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கம் வீண் என்று எழுதிய பவுல், தாம் கண்டதையும் மற்றவர்கள் கண்டதையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். நடந்ததா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்று சீஷர்கள் மிகத் தொடக்கத்திலிருந்தே சாட்சி கூறினார்கள் என்பது வரை வரலாற்றாசிரியர் சொல்ல முடியும். தேவன் அவரை எழுப்பினார் என்பதை வரலாற்று முறையைக் கொண்டு நிரூபித்துவிட்டோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள், விசுவாசத்துக்கு உதவுவதாக எண்ணி அதைச் சான்றாவணமாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

ஆம்பூரிலிருந்து இளைஞர் சங்கச் செயலாளர்: பெரிய வெள்ளிக்கு நாடகம் போடுகிறோம். வரலாற்றுப்படி அமைய எதைக் கவனிக்க வேண்டும், ஐயா? “யூதர்கள் கொன்றார்கள்” என்றே பழைய வசனத்தில் இருக்கிறது.

தம்பி, அந்த வசனத்தை முதலில் நீக்குங்கள். சமயம் சாராத வரலாற்றாய்வு நமக்குச் செய்திருக்கும் பெரிய நன்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிலுவை ரோமரின் தண்டனை. தலைக்கு மேல் மூன்று மொழிகளில் வைத்த “யூதருடைய ராஜா” என்ற பலகை, பேரரசுக்கு எதிரான குற்றத்தைக் காட்டுகிறது. பிரதான ஆசாரியர்களை நியமிப்பதும் நீக்குவதும் அன்று ரோமரின் கையில் இருந்தது. காய்பாவும் அப்படிப் பதவியில் இருந்தவரே. அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று சுவிசேஷங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது எருசலேமில் அதிகாரத்தில் இருந்த ஒரு சிலரின் பங்கு. இயேசுவும் அவருடைய தாயும் சீஷர்களும், சிலுவையைப் பார்த்து அழுத பெண்களும் யூதரே.

“இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக” என்ற மத்தேயுவின் ஒரு வசனத்தை வைத்து, ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக யூதர்களைத் துரத்தினார்கள், எரித்தார்கள், கொன்றார்கள். புரொட்டஸ்டன்டுகளாகிய நாம் மதிக்கும் லூத்தரே 1543இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மேலும் இன்றுள்ள யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965இல்தான். யூதர் ஒருவரும் வசிக்காத ஊரில் நாடகம் போட்டாலும், மேடையின் கீழே தரையில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள் அந்த வெறுப்பைக் கற்றுக்கொள்வார்கள்.

பிலாத்துவைக் கையைப் பிசையும் நல்ல மனிதராகவும் காட்டாதீர்கள். ஜோசிபஸ் காட்டும் பிலாத்து, ஆலயப் பணத்தை எடுத்து நீர்க்கால்வாய் அமைத்து, எதிர்த்த கூட்டத்தைத் தடியால் அடித்துக் கொன்றவர். கடைசியில் சமாரியரைக் கொன்றதற்காக ரோமுக்கு அனுப்பப்பட்டவர். அவர் கை கழுவும் காட்சியை வையுங்கள், அது மத்தேயுவில் இருக்கிறது. ஆனால் கழுவி முடித்த கையோடு அவரே மரண ஆணையையும் கொடுக்கட்டும். ஆணி அடிப்பவர்கள் ரோமப் போர்ச்சேவகர் உடையில் வரட்டும்.