பதில்: ஆணியில் செய்த குட்டி ஸ்குரூ டிரைவரின் நுனி முறுகுது

தம்பி, ஆணியை அரத்தால் அராவிக் குட்டி ஸ்குரூ டிரைவர் செய்தேன், நுனி முறுகுது, அரத்தில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அரத்தில் பிழையில்லை, ஆணியில்தான் பிழை. 4 அங்குல ஆணி மென்மையான இரும்பு. நீங்கள் செய்ததுபோல் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அது இறுகாது. இறுகுவதற்குத் தேவையான கரிச்சத்து (காபன்) அதில் மிகக் குறைவு. அதுதான் போட் எஞ்சின் மூடியின் இரண்டாவது ஸ்குரூவிலேயே முறுகிவிட்டது.

ஆணியை விட்டுவிட்டு, ஒரு நட்டின் இரண்டு பக்கமும் பிட் இறக்கி ஸ்குரூ டிரைவர் செய்யுங்கள். ஹாட்வெயார் கடையில் எம்8 (8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கானது) நீள நட் ஒன்று வாங்குங்கள். 24 மில்லிமீற்றர் நீளம், சட்டைப்பைக்கு அளவானது. கூடவே டிரில்லில் போட்டு ஸ்குரூ முடுக்கும் 25 மில்லிமீற்றர் நீளப் பிட் இரண்டு: ஒன்று மட்டமான நுனி, ஒன்று ப்ளஸ் வடிவ நுனி, 2ஆம் நம்பர். பிட்டின் அறுகோணம் 6.35 மில்லிமீற்றர் என்பதால், அதன் மூலைகள் நட்டின் மரையைக் கடித்துக்கொண்டு இறுக்கமாகவே இறங்கும். வைஸில் வைத்து நெருக்குவது நல்லது. சுத்தியல்தான் என்றால் நடுவே மரக்கட்டை வையுங்கள். பிட் இறுகிய உருக்கு, நேரே அடித்தால் சில்லுத் தெறித்துக் கண்ணில் படும். நான் ஒருமுறை மயிரிழையில் தப்பினேன்.

ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீற்றர் உள்ளே போனால் போதும். ஸ்குரூ அசையாவிட்டால் நட்டின்மேல் 13ஆம் நம்பர் ஸ்பனரைப் போட்டுத் திருப்பலாம், ஆணியில் அது நடக்குமா?

அப்புறம், துருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருகோணமலைக் கடற்காற்றுக்கு எதுவும் தப்பாது. துத்தநாகம் பூசிய நட்டாகப் பார்த்து எடுங்கள், பிட்டில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். கடலில் விழாமலிருக்க நடுவில் அரத்தால் சின்னப் பள்ளம் போட்டுத் தங்கூசியால் (நைலோன் தூண்டில் நூல்) கட்டிவிடுங்கள்.